ஷாங்காயில் ஒரு கும்பிடு

அமெரிக்காவில், குபெர்டினோ கடையில் பிரிண்ட் போட்டு வாங்கி வந்த போட்டோக் கவரைக் கண்மணி பிரித்தாள். நாலாவது படத்தில் கை நின்றுவிட்டது.

ஷாங்காயில் ஏதோ பழைய புராட்டஸ்டன்ட் சர்ச். செங்கல் சுவர், வரிசையாகப் பெஞ்சு. நடுவிலே, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடப்பது அவள் புருஷன் சேனாபதி! சீனக் கிழவிகள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள்.

"ஏனுங்க, இது என்ன கோலம்?"

"கூட வந்த ஆபீஸ் ஆளு ஜாவித் எடுத்தான். வேலை முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை கிடைச்சுது."

"கிடைச்ச ஒரு நாள்ல சர்ச்சா? லிவர்மோர் கோயிலுக்குக் கூப்பிட்டா பார்க்கிங் லாட்லயே நிக்கிற ஆளு! மதம் மாறிட்டீங்களா? எங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

போன் அடித்தது. கண்மணி எடுத்தாள். "ஹி இஸ் ஸ்லீப்பிங்" என்று பட்டென்று வைத்தாள்.

"கீழ்வீட்டு லின் ஆன்ட்டி. காலையிலிருந்து மூணாவது தடவை. நான் தாளிச்சா நெடியடிக்குதுன்னு அபார்ட்மென்ட் மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்த மகராசி! சர்ச்சு சர்ச்சுன்னு இருக்கிற அவங்கதானே உங்களை இப்படி ஆக்கினது?"

"ஆமா. அது அவங்க சின்ன வயசுல போன சர்ச். அவங்கதான் அனுப்பினாங்க."

"நல்லாருக்கு! அவங்க சாமிக்கும் நமக்கும் என்னங்க சம்பந்தம்?"

உள்ளே படம் வரைந்துகொண்டிருந்த ஆறு வயது பிரீத்தியை சேனாபதி எட்டிப் பார்த்தான். குரல் தணிந்தது.

"இவ ஏழாம் மாசத்துல பொறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடந்தாளே, ஞாபகம் இருக்கா? இந்தப் புள்ளை பிழைச்சா, ஊருக்கு வந்து அந்தச் சர்ச்சுல உன் முன்னால மண்டிபோடறேன்னு லின் ஆன்ட்டி அவங்க சாமிகிட்ட வேண்டிக்கிட்டாங்களாம். நம்மகிட்ட மூச்சு விடலை. இப்ப வாரம் மூணு டயாலிஸிஸ், பிளேன் ஏற டாக்டர் விடலை. நான் கிளம்புறதுக்கு முந்தின நாள்தான் அழுதுக்கிட்டே சொன்னாங்க."

கண்மணி படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு மண்டிபோட்டுப் பழக்கமில்லை, கண்மணி. நமக்குத் தெரிஞ்ச மாதிரி விழுந்துட்டேன்."

போன் மறுபடி அடித்தது.

கண்மணி அதை எடுக்கவில்லை. ஒரு கையில் போட்டோவும் ஒரு கையில் பிரீத்தியுமாக, வெறுங்காலோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள்.