ரிப்பனில் வெள்ளிப் பொடி

சிவகாசிப் பள்ளியொன்றில் நான் பாட்டு டீச்சர். என் கோரஸ் பிள்ளைகளின் அம்மாமார் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். எம்புட்டுத் தேய்த்துக் கழுவினாலும் அவர்கள் விரலில் வெள்ளிப் பொடி போகாது. காலையில் கம்பெனி வேன் வருமுன் அவசரமாகப் பின்னிவிட்ட சடைகளில், ரிப்பன் முழுக்க அந்தத் தடம் இருக்கும்.

ஆடியில், கோரஸில் பாடும் சுகிர்தாவின் அம்மா கம்பெனி விபத்தில் இறந்துபோனார். அப்பாவுக்குச் சடை பின்னத் தெரியாது. ரப்பர் பேண்டு போட்டு அனுப்பினார்.

தையில் சூலக்கரையில் பாட்டுப் போட்டி. புது ரிப்பன் வாங்கி நானே பின்னிவிட்டேன். மேடையில் பாதிப் பாட்டில், யாரோ சடையை இறுக்கியதுபோல் சுகிர்தாவின் தலை லேசாகப் பின்னால் போனது. பாட்டு நிற்கவில்லை.

இறங்கி வந்தபோது புது ரிப்பனில் வெள்ளித் தடம்.

"நீங்க ரொம்ப லூசாப் பின்னிட்டீகளாம் டீச்சர்," என்றாள்.

இப்போதெல்லாம் வரிசையில் அவளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்க இடம் விடுகிறேன்.