சாம்பல் தூண்

கணேசபாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தக் குப்பைக்குள்ள நம்ம சனங்க பிள்ள குட்டியோட கெடக்காவ, சார். நெனச்சா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு.”

கட்டடச் சொந்தக்காரரின் அந்தக் கண்ணீரை ஆறுமுகத்தாய் நம்பவில்லை. 1958-இல் பம்பாய்ச் செம்பூரில் அந்தக் கட்டடம் எழும்பியபோது சித்தாள் வேலை பார்த்தவள் அவள். பத்து வருஷமாக அதிலேயே குடித்தனம். சிமெண்டை மிச்சம் பிடிக்க பவர் ஹவுஸில் எரித்த நிலக்கரிச் சாம்பலைக் கலக்கச் சொன்னதே இந்த மனிதர்தான்.

பக்கத்திலேயே தனக்கு மாடிவீடு கட்டியபோது மட்டும் ஒரு பிடி சாம்பல் விழாமல் குடையும் கையுமாகக் காவல் நின்றார்.

இப்போது அதே சாம்பலைச் சாக்காக வைத்து, கட்டடம் ஆபத்து என்று முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறார். எஞ்சினியர் தலையசைத்தால் போதும், பழைய வாடகைக்காரர்கள் எல்லோரும் தெருவில். இடித்துக் கட்டிப் புது ஆட்களிடம் இஷ்டத்துக்கு வாடகை கேட்கலாம். அதற்கு இப்படி ஓர் அழுகை. காறித் துப்பலாம் போலிருந்தது அவளுக்கு.

முனிசிபாலிட்டி எஞ்சினியர் சங்கரன் மாட்டுங்காவில் குடியிருப்பவர், அதிகம் பேசாதவர். வரும் வழியில் கணேசபாண்டியன் வீட்டு பால்கனிக்கு அடியில் நின்றபோது அவருடைய வெள்ளைச் சட்டையில் செம்பழுப்பாக ஏதோ தூள் விழுந்திருந்தது. அதைத் தட்டிவிட்டபடியே வாடகைக் கட்டடத்தின் தூணைக் கொத்தச் சொன்னார்.

கூலியாள் ஓங்கிப் போட்டான். சுத்தியல்தான் துள்ளியது. அவன் வியர்த்து விறுவிறுத்த பிறகே உள்ளே கம்பி தெரிந்தது. ஆறுமுகத்தாய் எட்டிப் பார்த்தாள்.

“எல்லாம் சாம்பல், சார். காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் குடுத்திருங்க” என்றார் கணேசபாண்டியன்.

சங்கரன் கம்பியை விரலால் தேய்த்துப் பார்த்தார். “சாம்பல்தான். கடல் உப்பை உள்ளே விடாம காப்பாத்திண்டிருக்கறதே அதுதான். கம்பி இன்னும் புதுசாட்டம் இருக்கு.”

கணேசபாண்டியன் முகம் செத்துப்போனது. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. “குப்பையே இப்படி நிக்குன்னா, சுத்த சிமெண்டுல கட்டுன என் வீடு நூறு வருசம் நிக்கும்லா?”

சங்கரன் செம்பழுப்புத் தூள் இன்னும் ஒட்டியிருந்த தன் சட்டையை அவரிடம் இழுத்துக் காட்டினார்.

“இது உங்க பால்கனிக் கம்பியோட துரு. நோட்டீஸ் அந்த வீட்டுக்குத்தான்.”