சுவருக்கு அந்தப் பக்கம்

‘சளக்’ என்று மறுபடியும் கேட்டது. பைண்டர் வாளியை வைத்துவிட்டு நடுச்சுவரில் காதை ஒட்டினான். சந்தேகமே இல்லை, அந்தப் பக்கம் அண்ணன்காரன் தண்ணீரை வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தான்.

மழை விட்டு மூன்று நாள். ஊரே காய்ந்துவிட்டது, அவன் நிலவறையில் மட்டும் முழங்கால் தண்ணீர். மோட்டார் முதல் நாளே புகைந்து உயிரை விட்டது. அன்றிலிருந்து வாளிதான். மொண்டு, பத்துப் படி ஏறி, கொல்லையில் கொட்டிவிட்டு இறங்கி வந்தால், கொட்டிய அளவு சுவரடியில் மறுபடியும் ஊறியிருக்கும்.

மேஜைமேல் மேஜை போட்டு, பைண்டிங் செய்து முடித்த அறுநூறு பள்ளிக்கூடப் பதிவேடுகளை அடுக்கியிருந்தான். திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். அடிவரிசை ஈரத்தில் உப்பத் தொடங்கியிருந்தது. இந்த வேலையும் கெட்டால் இனி ஒரு பள்ளிக்கூடமும் அவனைக் கூப்பிடாது. அழுகை முட்டியது. அழுதால் அதையும் சேர்த்து இறைக்க வேண்டுமே என்று அடக்கிக்கொண்டான்.

தையல்கார அண்ணனோடு பேச்சு நின்று எட்டு வருடம். அப்பா போனதும் வீட்டை நிலவறையிலிருந்து கூரைவரை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். வாசல் அண்ணனுக்கு, கொல்லை தம்பிக்கு. அவனவன் வீட்டுக் கழிவு அவனவன் மண்ணில் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அதன்பிறகு ஒருவன் மண்ணில் மற்றவன் ஒரு துரும்புகூடப் போட்டதில்லை.

“போய் உங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்” என்றாள் மனைவி, படியில் நின்றபடி. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்றும் சொல்லிப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

மதியம் சாப்பிடப் போனவன் அசதியில் அப்படியே சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்கிவிட்டான். பதறியடித்து இறங்கினால், தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் சத்தமில்லை. இவன் இருபது வாளி இறைத்திருப்பான், அங்கே மறுபடி ‘சளக்’ ஆரம்பித்தது. கூடவே இங்கே சுவரடியில் ஊற்றெடுத்தது.

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணன் வேண்டுமென்றே தண்ணீர் விடுகிறான். தம்பி பிழைப்பில் மண்ணைப் போட மழை போதாதென்று இவனும் கிளம்பியிருக்கிறான்.

கையில் வாளியோடு தெருவைச் சுற்றிக்கொண்டு, எட்டு வருடத்தில் முதல்முறையாக வாசல் பக்கம் போனான்.

அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தான். இடுப்புவரை ஈரம், கண்கள் குழி விழுந்து சிவந்திருந்தன. அவன் கையிலும் ஒரு வாளி, நிறையத் தண்ணீர்.

“ஏண்ணே என் வயித்துல அடிக்கிற? நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்?” பைண்டரின் குரல் உடைந்தது.

அண்ணன் வாளியைத் தன் வாசல் மண்ணில் கவிழ்த்தான். தண்ணீர் வீட்டின் பக்கவாட்டில் சரிவோடு ஓடி, தம்பி வீட்டுப் பாதியின் சுவரடிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“கொல்லை மண்ணு எந்தப் பக்கம் சரிவு?” என்று மெல்லக் கேட்டான் அண்ணன்.

பைண்டர் தன் கையிலிருந்த வாளியைப் பார்த்தான். “உன் பக்கம்.”

அண்ணன் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தான்.

“ஒரே தண்ணியைத்தான்டா மூணு நாளா ரெண்டு பேரும் இறைச்சுக்கிட்டிருக்கோம்.”