சின்னக் கம்பெனியின் பங்குதாரர்

பாரீசில் இருக்கும் மச்சான் இளம்பரிதி மூலமாக ஒரு சின்ன கம்ப்யூட்டர் சிப் கம்பெனியின் பங்குகளை வாங்கிய நாளிலிருந்து, நெல்லித்தோப்பு முருகையன் தன்னை அந்தக் கம்பெனியின் முதலாளியாகவே நினைத்துக்கொண்டிருந்தார். இன்று பங்கு விலை மறுபடியும் விழுந்திருந்தது. பாரீசுக்குப் போன் போட்டார்.

"நம்ம சிப்பு வேகத்துல கொறைச்சலா? வெலையும் கம்மி. பெரிய கம்பெனிய இந்நேரம் ஓரங்கட்டியிருக்க வேணாமா மச்சான்?"

"அவ்ளோ பெருசா எதிர்பாக்காதீங்க மாமா. ரெண்டாவது எடத்துலயே மெதுவா வளந்தாலும் லாபந்தான். ஜனங்க பழகுனதத்தான் வாங்குவாங்க."

"ஜனங்களுக்கு என்னா தெரியும்? கடைக்காரன் கை காட்டுறத வாங்குறாங்க. அவனுங்களுக்குத்தான் எடுத்துச் சொல்லத் துப்பில்ல. நம்மள மாதிரி ஆளுங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறானுங்க."

அப்போது தெருமுனை வீட்டு கலைவாணி டீச்சர் வந்து எதிரே நின்றார். முருகையன் போனைத் துண்டிக்காமலே மேசைமேல் வைத்தார்.

"பொண்ணுக்கு கம்ப்யூட்டர் சொல்லியிருந்தேனே, எந்த சிப்பு போடப் போறீங்க?"

"பெரிய கம்பெனியோடதுதான் டீச்சர். நம்ம கடையில வேற எதையும் தொடுறதே இல்ல. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையில்ல வந்து கேப்பீங்க?"

டீச்சர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

முருகையன் போனை எடுத்துக் காதில் வைத்தார். மறுமுனையில் மச்சான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இப்பச் சொல்லுங்க மாமா, நம்ம கம்பெனி எவ்ளோ வளரும்?"

முருகையன் வாசலில் தொங்கிய தன் கடைப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கடை இருக்குற வரைக்கும் ரெண்டாவது எடந்தான் மச்சான்."