சூடு ஆறட்டும்

இலை ஊதும் மெஷின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதே என்று தோட்டக்காரர் தன் மச்சினனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவனுக்கு எதிலும் அவசரம். "அது ஆறுறதுக்குள்ள பொழுதே போயிடும் மச்சான்" என்பான். போன வருஷம் ஒருநாள் சூட்டோடு ஊற்றினான். உடம்பெல்லாம் வெந்து, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

அதிலிருந்து தோட்டக்காரர் புறங்கையை வைத்துப் பார்க்காமல் டேங்க் மூடியைத் தொடுவதில்லை.

வெள்ளிக்கிழமை டேங்கைக் காலி செய்து, கொட்டகையைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனவர் அவர்தான். திங்கட்கிழமை காலையில் திறந்து, வழக்கம்போலப் புறங்கையை வைத்தார். சுரீரென்று சுட்டது.

"மெஷின் கொதிக்குது சார்."

மேற்பார்வையாளர் உள்ளங்கையையே அதன்மேல் அழுத்தினார். "ஐஸ் மாதிரி இருக்குய்யா. ஊத்திட்டு வேலையைப் பாரு."

தோட்டக்காரரின் புறங்கையில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகினார். டேங்கில் பெட்ரோல் விளிம்பு வரை தளும்பியது.

மறுபடி இறுக மூடினார். காதடைப்பானை மாட்டிக்கொண்டு, மெஷினைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்தார். சருகுச் சத்தம், மேற்பார்வையாளரின் முணுமுணுப்பு எல்லாம் அடங்கிப் போயின.

"நானே ஊத்திட்டேன் மச்சான்," என்றது காதுக்குள் ஒரு குரல். "இழுங்க."