ஒன் பாயின்ட் ஃபோர்

"என் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு எஃப் டூ லென்ஸே போதும். கைக்கு அடக்கமா இருக்கும்" என்றார் கேமராக் கடையில் கணவர்.

"அது வேண்டாம். அந்த ஒன் பாயின்ட் ஃபோர் லென்ஸையே எடுங்க" என்றாள் மனைவி.

"விலை ரெண்டு மடங்குடி! லென்ஸைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"விலை ஜாஸ்தின்னா நல்லாத்தான் இருக்கும்."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பந்தாவுக்காக வாங்குகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். "பழைய லென்ஸுக்கு என்ன சார் ஆச்சு?"

"அதுக்கு வயசாயிடுச்சு. எதை எடுத்தாலும் கலங்கலா விழுது."

ஒன் பாயின்ட் ஃபோரை மாட்டிப் பார்க்க, கேமராவோடு கணவர் கடை வாசலுக்குப் போனார். கடைக்காரர் பழைய லென்ஸை விளக்கில் பிடித்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

"இதுல எந்தக் குறையும் இல்லையேம்மா?"

"தெரியும்" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. ஒத்துக்க மனசு வரல, லென்ஸ் மேல பழியைப் போடுறாரு. இந்த ஒன் பாயின்ட் ஃபோர் வெளிச்சத்தை அதிகமா வாங்கும், ஷட்டரை வேகமா வெச்சா நடுக்கம் படத்துல தெரியாதுன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

கணவர் திரும்பி வந்தார். "சரி, உன் பிடிவாதத்துக்காக இதையே வாங்கிக்கறேன். பழசைப் பார்த்தீங்களா?"

கடைக்காரர் பழைய லென்ஸை மேஜைமேல் வைத்தார்.

"பார்த்தேன். கோளாறு லென்ஸ்லதான் சார்."

"நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று மனைவியைப் பார்த்து நிமிர்ந்தார் அவர்.

"ஆமாங்க, நான்தான் நம்பல" என்றாள் அவள்.