ரெண்டே நிமிஷம்

"மூஞ்சிய ஏம்மா மூடிக்கறீங்க? நீங்க மூடிக்கிட்டா உங்க பொண்ணு பல்லு சொத்தை சரியாயிடுமா?"

டாக்டர் நவநீதன் மைக்கிலேயே கேட்டார். அங்கன்வாடியில் கூடியிருந்த அம்மாக்கள் சிரித்தார்கள். நான்கு வயது காவியா திறந்த வாயை மூடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா அம்பிகா முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரின் கிளினிக் இருந்த கடத்தூரிலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த அந்த ஊருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக இலவசப் பல் முகாம் வந்தது. வாசலில் கட்டியிருந்த பேனரில் ஒரு பெரிய பல் சிரித்தது. பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக டாக்டர் சிரித்தார்.

"முன்பல்லு நாலும் போச்சு. கடவாப்பல்லு ரெண்டுல ஓட்டை. எல்லாரும் வந்து பாருங்க, இது வாயா இல்ல கரையான் புத்தா?" என்று டார்ச்சை அடித்துக் காட்டினார். கிராமத்து மக்களுக்கு எதையும் நகைச்சுவையோடு சொன்னால்தான் ஏறும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

"கொழந்த பயப்படுது டாக்டர்," என்றார் அங்கன்வாடி டீச்சர் லூர்துமேரி.

"பயப்படட்டும் டீச்சர், அப்பத்தான் பழக்கம் வரும். ஏம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல்லு தேய்ச்சு விடறீங்க?"

"நேரம் இல்லீங்க சார்," என்றாள் அம்பிகா முந்தானைக்குள்ளிருந்து.

"நேரம் இல்லியாம்!" டாக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நான் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு தருமபுரிக்குப் போயி ஷட்டில் ஆடறேன். அங்கிருந்து நேரா கிளினிக், ராத்திரி பத்து மணி வரைக்கும் பேஷன்ட் பாக்கறேன். எனக்கும் அஞ்சு வயசுல ஒரு பையன் இருக்கான், ஒரு சொத்தை கிடையாது. காலையில ரெண்டு நிமிஷம், ராத்திரி ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம்! பெத்தவங்கதான் பழக்கி விடணும்."

பலமாகக் கைதட்டினார்கள். முகாம் முடிந்ததும் அவருடைய கிளினிக் பெயர் அச்சடித்த பிரஷ் ஆளுக்கு ஒன்று இலவசம் என்று முன்பே அறிவித்திருந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மேஜை மேலிருந்த பெரிய மாதிரிப் பல் செட்டையும் பிரஷையும் பேஸ்ட்டையும் அம்பிகாவிடம் நீட்டினார். "தேய்ச்சுக் காட்டுங்க. எப்படித் தேய்க்கக் கூடாதுன்னு எல்லாரும் கத்துக்கட்டும்."

இரண்டு கையும் தேவைப்பட்டதால் முந்தானை நழுவியது. அம்பிகா பட்டாணி அளவுக்குப் பேஸ்ட்டைப் பிதுக்கினாள். பிரஷைச் சாய்த்து ஈறில் வைத்து, சின்னச் சின்ன வட்டமாக வெளிப்பக்கம் தேய்த்தாள். பிறகு உள்பக்கம், பிறகு மெல்லுகிற பக்கம். அவசரமே படவில்லை.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பிரஷைத்தான் பார்த்தார். சொல்லத் தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்க வேண்டியதாகிவிட்டது.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"வேலை செய்யற வூட்டு அக்காங்க. அங்க ஒரு சின்னப் பையன் இருக்கறான். காலைல ஆறரைக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் நாந்தான் வெளக்கி வுடறேன்."

"ஊரான் பிள்ளைக்கு ரெண்டு வேளை! பெத்த பொண்ணுக்கு ஒரு வேளைகூட இல்ல?"

"ஆறரைக்கு அங்க நிக்கோணும்னா அஞ்சரை பஸ்ஸப் புடிக்கோணுங்க. அப்ப காவியா தூங்கிட்டிருக்கும். கடைசி பஸ்ல நான் வந்து சேர்றதுக்குள்ள மறுபடியும் தூங்கிடும். அவங்கப்பா பெங்களூருல கட்டட வேலைல இருக்காரு. பக்கத்து வூட்லதான் வுட்டுட்டுப் போறேன். அவங்க குடுக்கற பன்னு, பிஸ்கட்டுதான் அதுக்கு. ஞாயித்துக்கெழம மட்டும் நான் வெளக்கி வுடுவேங்க. வலிக்குதும்மான்னு அழுவும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது டாக்டருக்கு உடனே புரிந்தது. அவரும் அந்தப் பக்கமே சாய்ந்தார்.

"அநியாயமா இருக்கே டீச்சர்! ஏம்மா, அந்தப் பையனோட அம்மா என்ன பண்றாங்க?"

"வேலைக்குப் போறாங்க சார்."

"அப்பன்?"

"இருக்காருங்க."

"இருந்து என்ன பிரயோஜனம்? பெத்த பிள்ளைக்குப் பல்லு தேய்ச்சு விட ரெண்டு நிமிஷம் இல்லாதவனெல்லாம் ஒரு அப்பனா?"

கைதட்டல் முன்னதைவிடப் பலமாக எழுந்தது. டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"வுட்டுடுங்க சார், வேலை போயிடும்," என்றாள் அம்பிகா.

"உங்க வேலைக்கு நான் கேரண்டி! யார் வீடுன்னு மட்டும் சொல்லுங்க. நேர்ல போயி அந்தாளு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா சொல்லுங்க," என்று மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

அம்பிகா காவியாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மைக்கைப் பிடித்தாள்.

"உங்க வூடுதானுங்க சார்."